அப்பாவும் மாமாவும் டர்போ மாட்டிய ஞாயிற்றுக்கிழமைகள்

அப்பாவும் மாமாவும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல் ஒரு வண்டிக்கு டர்போ மாட்டினார்கள். இதைச் சொன்னால் இன்று என் பிள்ளைகள் நம்புவதில்லை. நடுவில் நின்று இரண்டு பேருக்கும் பேசியவள் நான் என்பதால் எனக்கு நம்பாமல் இருக்க வழியில்லை. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அவர்களுக்குள் என்ன நடக்கிறது என்பதில் ஆரம்பம் முதல் கடைசிவரை எனக்கு ஒரே குழப்பம்தான்.

சண்டைக்குக் காரணம் என் தம்பியின் காது. காதுகுத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன். திண்டுக்கல்லில் மெக்கானிக் பட்டறை வைத்திருந்தார். அன்றைக்கு வரும் வழியில் யாருடைய லாரியோ நின்றுபோய்க் கிடப்பதைப் பார்த்ததும் மனசு கேட்காமல் இறங்கிவிட்டார். இங்கே நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஆளாளுக்கு அவசரப்படுத்த, அப்பா ஓர் ஒன்றுவிட்ட மாமாவின் மடியில் தம்பியை வைத்துக் குத்தச் சொல்லிவிட்டார். ஆசாரி இரண்டாவது காதுக்கு வந்தபோது மாமா சீர்த்தட்டுகளோடு வந்து நின்றார். கையெல்லாம் கிரீஸ். தட்டுகளை இறக்கி வைத்துவிட்டு, பந்தியில் உட்காராமல் திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அப்பாவும் அவர் பட்டறை இருக்கும் தெருவுக்குள் வண்டியைத் திருப்பவில்லை. இடையில் மாட்டிக்கொண்டவள் அம்மா. வெங்காயம் விலை ஏறியதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் எப்படியோ அண்ணனில் வந்து முடிப்பாள், மூக்கைச் சிந்துவாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

அப்பாவிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. எங்கள் ஊர் அகரத்திலிருந்து உர மூட்டை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலைக் கிராமங்களுக்குப் போய், அங்கிருந்து கேரட்டும் பூண்டும் ஏற்றித் திண்டுக்கல் மார்க்கெட்டில் இறக்குவார். எங்கள் சாப்பாடு அந்த வண்டியில்தான் வந்தது. சமதளத்தில் நன்றாக ஓடும் வண்டி, மலை ஏறும்போது மட்டும் மூச்சு வாங்கும். புதிதாக வந்த டர்போ வண்டிகள் வளைவுக்கு வளைவு அதை முந்திக்கொண்டு போய்ச் சரக்கை அள்ளிவிடும். இப்படியே தாமதமானால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகக் கமிஷன் கடைக்காரர் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பழைய இரும்புக் கடையில் அப்பாவின் கண்ணில் ஒரு டர்போ பட்டது. அது இருந்த வண்டிக்கும் எங்கள் வண்டியின் அதே எஞ்சின்தான், ஆனால் கம்பெனியிலேயே டர்போ வைத்து வந்த பிந்தைய மாடல். எங்கோ மோதி நசுங்கி எடைக்கு வந்திருந்தது. அப்பா டர்போவையும் அதைச் சேர்ந்த குழாய்களையும் கழற்றி வாங்கிக்கொண்டு வந்தார். பார்க்க ஒரு பெரிய இரும்பு நத்தை மாதிரி இருந்தது. டர்போ இல்லாத எஞ்சினில் அதைச் சரியாக உட்கார வைக்கத் தெரிந்தவர் எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஆள்தான். அது மாமா.

இரண்டு பேரும் எப்படியோ ஒத்துக்கொண்டார்கள். ஆனால் இடம்தான் பிரச்சினை. எங்கள் வீட்டுக்கு அவர் வரமாட்டார், பட்டறைக்கு இவர் போகமாட்டார். கடைசியில் தாடிக்கொம்பு ரோட்டில் லாரிகளை எடை போடும் மேடைக்குப் பின்னால் இருந்த காலியிடம் பொது இடமாகத் தீர்மானமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா எனக்குத் தலை சீவி, "போய் அப்பாகூட நில்லு. மாமா என்ன சொன்னாலும் அப்பாகிட்டச் சொல்லு. அப்பா என்ன சொன்னாலும் மாமாகிட்டச் சொல்லு" என்று அனுப்பினாள். வேலை சுலபமாகத்தான் தெரிந்தது.

மாமா வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். "மருமகளே, பதினாலாம் நம்பர் ஸ்பேனர எடுக்கச் சொல்லு உங்கப்பாவ" என்பார். ஸ்பேனர் அப்பாவின் காலடியில் கிடக்கும். அப்பா குனியமாட்டார். நான் திரும்பி, "அப்பா, பதினாலாம் நம்பராம்" என்ற பிறகுதான் குனிந்து எடுத்து என் கையில் கொடுப்பார். நான் இரண்டடி நடந்து மாமாவிடம் கொடுப்பேன்.

"இந்த ஆயில எப்ப மாத்துனாருன்னு கேளு. தாரு மாதிரி கெடக்கு."

"போன மாசந்தான் மாத்துனேன்னு சொல்லு."

"எந்த வருசத்துப் போன மாசம்னு கேளு."

இதைக் கேட்டால் முதுகில் ஒன்று விழும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் நான் கேட்காமலேயே அப்பாவின் முகம் சிவந்துபோயிற்று. அப்படியென்றால் மாமா பேசுவது அவர் காதில் விழுகிறது. விழுகிறது என்றால் நான் எதற்கு? அன்று பகல் முழுக்க வெயிலில் நின்று இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

டர்போ என்ன செய்யும் என்பதையும் மாமா எனக்குத்தான் விளக்கினார். "எஞ்சின்லருந்து வெளிய போற பொகை இந்தச் சக்கரத்தச் சுத்தும் மருமகளே. அது சுத்துனா இந்தப் பக்கத்துச் சக்கரமும் சுத்தி, காத்த இழுத்து உள்ள அமுக்கும். அம்புட்டுக் காத்து உள்ள போனா டீசல் நல்லா எரிஞ்சு வண்டி இழுக்கும்." நான் அப்பாவிடம் போய், வண்டி தன் புகையைத் தானே குடிக்குமாம் என்றேன். அப்பா மிகவும் கவனமாகத் தலையாட்டினார். நான் சொல்லாததெல்லாம் அவருக்கு எப்படிப் புரிந்தது என்று தெரியவில்லை. டர்போவிலிருந்து வரும் ஆயில் குழாய் எங்கே போய்ச் சேரும் என்று கேட்டுவரச் சொன்னார்.

இரண்டாம் ஞாயிறு மத்தியானம் வேலை முடிந்தது. வண்டியை முடுக்கினார்கள். உறுமலோடு மெல்லிய விசில் ஒன்று கேட்டது. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவுக்கும் வந்தது. இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பா எனக்குப் பால் ஐஸ் வாங்கிக் கொடுத்தார்.

கிளம்பும்போது மாமா சொன்னார்: "மருமகளே, இத மட்டும் மறக்காமச் சொல்லிரு. மலை ஏறி நிறுத்துனதும் ஒடனே ஆஃப் பண்ணக் கூடாது. செத்த நேரம் சும்மா ஓட விடணும். எஞ்சின் நின்னாலும் இந்தச் சக்கரம் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். ஆயில் வராமப் போனா சூட்டுல இறுகிப் போயிரும்."

அப்பா மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவும் கேட்டிருக்கும். நான் ஐஸை நக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கேட்டதை எதற்கு இன்னொரு தடவை சொல்ல வேண்டும் என்று எனக்குச் சலிப்பு. சொல்லாமல் விட்டால் என்னதான் ஆகும் என்று பார்க்கவும் ஆசை. அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமாவும் பார்த்தார். நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்பா வண்டியில் ஏறினார். நானும் ஏறிக்கொண்டேன்.

அதன் பிறகு வண்டி பறந்தது. அப்பா எல்லோருக்கும் முன்னால் மார்க்கெட்டில் நின்றார். கமிஷன் கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்ததை வீட்டில் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு லீவு நாளில் என்னையும் மலைக்குக் கூட்டிப்போனார். வளைவுகளில் விசிலடித்தபடி ஏறிப்போய், மேலே ஒரு ஊரில் வண்டியை நிறுத்தினோம். சாவியில் கை வைத்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இப்போது சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்பா சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டார்.

மூன்றாவது வாரம் பாதி மலையில் டர்போ இறுகிப்போய், வண்டி நீலப் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள். கமிஷன் கடைக்காரர் மறுநாளே வேறு வண்டி பேசிவிட்டார். அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். என்னால்தான் எல்லாம் என்று எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் டிவிஎஸ் ஃபிப்டியில் மாமா வந்தார். யார் சொல்லி வந்தாரோ தெரியாது. நேராக வண்டிக்குப் போய்க் குழாயைக் கழற்றி, சக்கரத்தை விரலால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. அப்பா வெளியே வந்து நின்றார். மாமா என்னைக் கூப்பிட்டார்.

"மருமகளே, நிறுத்துனதும் செத்த நேரம் ஓட விடணும்னு உங்கப்பாகிட்டச் சொன்னியா இல்லையா?"

"சொல்லல மாமா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அப்பா இரண்டு எட்டில் எனக்கு முன்னால் வந்து நின்றார். "புள்ளைய என்னத்துக்கு மச்சான் கேக்குறீக? எனக்கு அன்னைக்கே காதுல விழுந்துருச்சு."

மாமா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டார். "விழுந்துச்சா? விழுந்துமா மாப்ள ஆஃப் பண்ணுனீக?"

"எங்கிட்ட நீங்க சொல்லலையில்ல!"

அவ்வளவுதான், இரண்டு வருடப் பேச்சும் மொத்தமாக வெளியே வந்தது. யாரோ ஒருத்தன் மடியில் என் மருமகனை வைத்தீர்களே என்று மாமா கத்தினார். நல்ல நேரத்தில் எவன் லாரிக்கடியிலோ படுத்திருந்தால் என்ன செய்வது என்று அப்பா கத்தினார். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"நீங்க கூப்புட்டீகன்னுதான் மாப்ள எடை மேடைக்கு வந்தேன்!"

"நான் எங்க கூப்புட்டேன்? நீங்களா வந்து மாட்டித் தாரேன்னீகன்னு உங்க தங்கச்சிதான சொன்னா?"

இரண்டு பேரும் திரும்பி வாசற்படியைப் பார்த்தார்கள். அதுவரை அங்கே நின்றிருந்த அம்மா உள்ளே போய்விட்டாள். பிறகு முன்னைவிடச் சத்தமாக ஆரம்பித்தார்கள்.

அடிதடி ஆகிவிடும் என்று எனக்குப் பயம். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். ஓடிப்போய் நடுவில் நின்றேன். "மாமா, அப்பா என்ன சொல்றாருன்னா..."

"நீ உள்ள போ!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

எனக்கு ஆற்றமாட்டாமல் அழுகை வந்தது. சமையலறைக்கு ஓடி, "அம்மா, ரெண்டு பேரும் சண்ட போடுறாங்கம்மா, போய் வெலக்கி விடும்மா" என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். "கத்தட்டும், விடுடி" என்றாள் அம்மா. கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். டர்போ போயிற்று, லோடு போயிற்று, மாமாவும் அப்பாவும் தெருவே கேட்கும்படி அடித்துக்கொள்கிறார்கள், இவள் சிரிக்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. எல்லாம் நான் சொல்லாமல் விட்டதால்தானே என்று நான் தேம்பிக்கொண்டிருக்க, அம்மா இன்னொரு படி அரிசியை அளந்து களைய ஆரம்பித்தாள்.