விளக்கு எரிந்த பெட்டி

திரிந்த பாலின் புளிப்பும் புது ரப்பரின் வாடையும் கலந்த ஒரு மணம் அந்தக் கோடையில் எங்கள் கூடத்தை விட்டுப் போகவே இல்லை. பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு முதல் ஃபிரிட்ஜ் வந்த கோடை அது. தலைப்பிரசவத்துக்குத் திருத்தணிக்குப் போயிருந்த அண்ணி, கைக்குழந்தையோடு திரும்பி வந்தபோது தாய்வீட்டுச் சீராகத் தொட்டிலோடு கூடவே வந்திறங்கிய நீலப் பெட்டி. இறக்கிய நாளிலிருந்தே அம்மாவுக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை.

இன்றைக்குக் கைப்பேசியில் வந்து விழுகிற வீட்டுக் குறிப்புகளெல்லாம் அம்மாவிடம் பிச்சை வாங்க வேண்டும். "உள்ள வெச்ச சோறு தின்னா மூட்டு புடிச்சிக்கும்", "மாவுக்குக் காத்து வேணும், அதைக் கொண்டுபோய்ப் பூட்டி வெப்பாங்களா" என்று தெருவில் யார் எதைச் சொன்னாலும், அதில் பயமுறுத்துகிற பாதியை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவாள். மூடினால் உள்ளே விளக்கு அணைகிறதா என்பதுகூட அவளுக்குச் சந்தேகம். கதவை விரற்கடை அளவு திறந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, "எரிஞ்சிகினேதான் கீது" என்பாள். படுக்கப் போகுமுன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுவாள். "நாம தூங்கச்சொல்ல அது மட்டும் முழிச்சிகினு இருக்கணுமா?"

சந்தேகம் பெட்டியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உள்ளே வைத்த பால் மெய்யாகவே திரிந்தது, கீரை அழுகியது, தயிரை வாயில் வைக்க முடியவில்லை. ஆனால் கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறது. விளக்கு எரிந்தால் பெட்டி ஓடுகிறது என்றுதான் எங்கள் எல்லோருக்கும் எண்ணம். அது ஓடியும் பால் கெடுகிறதென்றால் குற்றம் வேறெங்கோ இருக்க வேண்டுமே. மெல்ல மெல்லப் பேச்சு பெட்டியை விட்டு அண்ணியிடம் வந்து சேர்ந்தது. "சிலபேர் கை பட்டா பால் நிக்காது" என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். அண்ணி திரிந்ததைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவுவாள். எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வரும். இருந்தாலும் அண்ணி கலந்து கொடுக்கிற காப்பியை முகர்ந்துபார்த்துக் குடிக்கிற பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது.

கடைசியில் நைனா ஒரு முடிவுக்கு வந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். "கிருத்திகை முடியட்டும். ஒரு டெம்போ வெச்சி அவங்க வூட்டுலயே எறக்கிட்டு வந்துடலாம்." சீர் திரும்பிப் போனால் அதன் பின்னாலேயே பெண்ணைப் பற்றிய பேச்சும் போகும், அண்ணியின் அப்பா கடைத்தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அன்று அண்ணி சாப்பிடவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் தெருவில் தறி ஓடாது. பரணியன்றே விசைத்தறிகளை நிறுத்திவிட்டு, பூக்காவடியோடு திருத்தணி மலைக்குக் கிளம்பிவிடுவோம். கிளம்புகிற அவசரத்திலும் அண்ணி மிச்சமிருந்த பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, பெட்டிக்குள் வைத்தாள். "வந்து கீழதான் ஊத்தப்போற" என்றாள் அம்மா. பஸ் ஊரைத் தாண்டிய பிறகுதான் அம்மாவுக்குத் திக்கென்றது. பிளக்கைப் பிடுங்க மறந்துவிட்டிருந்தாள். மலையில் அத்தனை பேரும் அரோகரா போட, அவள் மட்டும் வீடு வெடிக்காமல் இருக்க வேண்டிக்கொண்டிருந்தாள்.

கிருத்திகைக்கு மறுநாள் காலையில் திரும்பினோம். தெருவில் இன்னும் தறிகள் தொடங்கவில்லை. நைனா பூட்டைத் திறந்ததும் உள்ளேயிருந்து 'உர்ர்' என்று ஒரு சத்தம். அம்மா எங்களை வாசற்படியிலேயே மறித்தாள். "உள்ள என்னமோ கீது. யாரும் போவாதீங்க."

அண்ணி குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு நேரே உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் பால் பாத்திரம். வெளிப்புறம் வேர்த்திருந்தது, மேலே ஆடை கட்டியிருந்தது. அம்மா முகர்ந்தாள், மறுபடி முகர்ந்தாள், ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

அண்ணன்தான் போட்டு உடைத்தான். "தெருவே தறி ஓட்டச்சொல்ல பல்பு மங்கலாத்தானே எரியுது, நைனா. வோல்டேஜ் இல்லாம மோட்டார் எப்படிச் சுத்தும்? ராத்திரி தறி நின்னப்புறம் ஓடலாம்னா அம்மா புடுங்கி வுட்டுடுது." வேறு வீடாக இருந்தால் பெட்டி ஓடவில்லை என்பதைக் காதே சொல்லியிருக்கும். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு, ஓடினால் அதற்கு ஒரு சத்தம் உண்டு என்பதே அன்றுவரை தெரியாது.

நைனா ஸ்டெபிலைசர் வாங்கி வந்தார். டெம்போப் பேச்சு அத்தோடு நின்றது. அம்மா மட்டும் அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த நீலப் பெட்டி போய் அதைவிடப் பெரியது வந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்குகிற வழக்கமும் போய்விட்டது. முந்தாநாள் குழம்பை அம்மாவே உள்ளே வைக்கிறாள். சந்தேகம் இப்போது என்னிடம் குடிவந்திருக்கிறது. எந்த ஃபிரிட்ஜைத் திறந்தாலும் விளக்கை நம்பாமல் கையை நீட்டிப் பார்க்கிறேன்.

அன்றைய கைக்குழந்தைக்குப் போன தையில் கல்யாணம் கூடிவந்தது. வீட்டில் சீர்வரிசைப் பேச்சு எழுந்ததும் அண்ணன் "ஃபிரிட்ஜு, வாஷிங் மிஷினு" என்று அடுக்கத் தொடங்கினான். கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"எந்தப் பெட்டியும் அவகூட போவ வேணாம். பெட்டி கெட்டாலும் பொண்ணைத்தான் சொல்லுவாங்க."

அண்ணி எழுந்து போய், ஃபிரிட்ஜைத் திறந்து, ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாள். அம்மா அதை முகர்ந்துபார்க்காமல் குடித்தாள்.