பயன்படுத்திப் பார்த்த பொருள் மட்டும்

எங்கள் ரசிகர் குழுவுக்கு மூன்று விதிகள் உண்டு. மூன்றையும் எழுதியவள் நான்தான். வக்கீல் ஆபீசில் இருபத்தாறு வருஷம் கிளார்க்காகக் குப்பை கொட்டியவளிடம் வேறு என்னத்தை எதிர்பார்ப்பது?

நாங்கள் எல்லாரும் ஒரு பழைய பாடகியின் ரசிகர்கள். அவர் பாட்டைப் பற்றிப் பேசத்தான் இணையத்தில் அந்தக் குழுவை ஆரம்பித்தோம். இரண்டு வருஷத்தில் பேசுவதற்குப் பாட்டு தீர்ந்துபோனது. ஒரே சரணத்துக்கு எத்தனை தரம்தான் 'அடடா' போடுவது? அப்புறம் ஒருவர், பாட்டு கேட்க நல்ல ஹெட்போன் எது என்று கேட்டார். இருபது பேர் பதில் சொன்னார்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் பரிந்துரை என்று ஆகிவிட்டது. ஆளுக்கு ஒரு புத்தகம், ஒரு பொருள். தோசைக்கல், முதுகுவலித் தைலம், கொசு மட்டை என்று வரும். செராஸில் இருக்கும் அங்கிள் ஒருவர் மாதம் தவறாமல் ஒரு டார்ச் லைட்டைப் பரிந்துரைப்பார். அந்த வீட்டில் அப்படி என்னதான் இருட்டோ தெரியவில்லை.

விதி ஒன்று, வாரத்துக்கு ஒரு புத்தகம், ஒரு பொருள், அதற்கு மேல் கிடையாது. விதி இரண்டு, நீங்களே படித்த புத்தகம், நீங்களே பயன்படுத்திப் பார்த்த பொருள் மட்டும். விதி மூன்று, யாவாரம் பண்ணக் கூடாது. மீறினால் பதிவை எடுத்துவிடுவேன். முகம் பார்க்க மாட்டேன். பார்க்க முகமும் கிடையாது. குழுவில் பாதிப் பேர் பொய்ப் பெயரில்தான் இருந்தார்கள். நானும் ஒரு பறவையின் பெயரை வைத்துக்கொண்டு, பூனைப் படம் போட்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு புதிதாக ஒருவர் குடை ஒன்றைப் பரிந்துரைத்தார். "கம்பி வளையாது. எங்க கிள்ளான் மழைக்கே தாங்குது. ஆனா கறுப்புக் குடை எல்லாரிடமும் இருக்கும், மாறிப் போகும். கைப்பிடியில ஒரு சிவப்புக் கம்பளி நூலைக் கட்டிடுங்க." கூடவே ஒரு படம். கைப்பிடியில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி, காது மாதிரி இரண்டு பக்கமும் நீட்டி முடிச்சுப் போட்டிருந்தது.

காலைத் தேத்தண்ணியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அந்த முடிச்சு எனக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த காலத்தில் எங்கள் வீட்டுச் சாவி, டிபன் கேரியர், பள்ளிக்கூடப் பை எல்லாவற்றிலும் அந்த முடிச்சு இருந்தது. என்னைவிட ஏழு வயது மூத்த என் அக்காவின் முடிச்சு.

அவளோடு நான் பேசி அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது நான் வேலைக்குப் போகிறவள் என்று அக்காதான் கிள்ளானில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு வருஷம் தூக்கி, குளிப்பாட்டி, துணி மாற்றிப் பார்த்தாள். அவளுக்கு முட்டி தேய்ந்து, அம்மாவைத் தூக்க முடியாமல் போனதும் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தாள். நாலாவது மாசம் அம்மா போய்விட்டார். நானோ, அந்த இரண்டு வருஷத்தில் மாசம் ஒரு ஞாயிறு பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தவள். வாய் மட்டும் கிழக்கும் மேற்கும் நீளும். வாய்க்கரிசி போடும் நேரம், அக்கா கையில் அரிசியை எடுக்கிறாள், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் நான் கேட்டேன்:

"பெத்தவள கொண்டுபோய்த் தள்ளிட்டு வந்தியே, வாய்க்கரிசி போட உன் கைக்கு என்ன யோக்கியத இருக்கு?"

அக்கா கையிலிருந்த அரிசியைத் தட்டிலேயே திரும்பப் போட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றாள். அவள் அம்மாவுக்கு வாய்க்கரிசி போடவே இல்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். நான் அன்றைக்கு அள்ள முயற்சிகூடச் செய்யவில்லை. நான் கேட்டது நியாயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைப்பதை விடவே எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

குடைப் படத்தைப் பார்த்த அன்றைக்கே எழுதியிருக்கலாம். 'அக்கா, நான்தான்.' இரண்டே வார்த்தை. தனிச்செய்திப் பெட்டியில் தட்டச்சும் செய்தேன், அழித்தேன். அவள் யாரென்று எனக்குத் தெரியும், நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. அதுவே எனக்கு வசதியாக இருந்தது.

குடையைத்தான் வாங்கினேன். நூலும் கட்டினேன், ஆனால் அந்த முடிச்சு எனக்கு வரவில்லை.

அதன் பிறகு அவள் சொன்ன எதையும் விடவில்லை. இட்லித் துணி, பல்லி வராமலிருக்க ஒரு மருந்து, காலுறை, குக்கர் வளையம், எல்லாம் என் வீட்டுக்கு வந்தன. குழுவில் எல்லாரும் அவளைக் கிள்ளான் அக்கா என்றே கூப்பிட்டார்கள். வயதில் மூத்தவர்கள்கூட. அவள் பரிந்துரைக்கும் புத்தகம் எப்போதும் துப்பறியும் நாவல்தான். அதிலும் கொலைகாரன் யாரென்று அவளே சொல்லித் தொலைத்துவிடுவாள். "அக்கா, முடிவ சொல்லாதீங்க லா, நாங்க என்னத்தப் படிக்கிறது?" என்று பிள்ளைகள் கத்துவார்கள். "யாருன்னு தெரிஞ்சா நிம்மதியா படிக்கலாம்ல?" என்பாள். சின்ன வயதிலும் அப்படித்தான். அவள் தியேட்டருக்குப் போய்வந்தால் எங்களுக்கு அந்தப் படம் பார்க்கும் செலவு மிச்சம்.

நான் பரிந்துரைப்பதெல்லாம் தலையணை பருமனுக்கு இலக்கிய நாவல்கள். வாராவாரம் முதல் ஆளாக வந்து, "வாங்கிட்டேன், நன்றி" என்று போடுவாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அக்கா நான் சொன்னதைப் படிக்கிறாள் என்று.

ஒரு தடவை அவள், மாடிப்படி ஏறினால் முட்டி வலி உயிர் போகிறது, யாராவது வழி சொல்லுங்கள் என்று கேட்டாள். ஆளாளுக்கு ஒரு எண்ணெய் சொன்னார்கள். நான் பிரிக்பீல்ட்ஸில் நாலு மருந்துக் கடை ஏறி இறங்கி, முட்டிக்குப் போடும் பட்டை ஒன்றை வாங்கினேன். விதி இரண்டு இருக்கிறதே, அதனால் ஒரு வாரம் நானே போட்டு நடந்தேன். ஆபீசில், "என்ன ஆச்சு அக்கா, விழுந்துட்டீங்களா?" என்று கேட்டார்கள். பிறகுதான் எழுதினேன். "நல்ல பட்டை. இடது காலுக்குப் பகலில் மட்டும் போடுங்கள், தூங்கும்போது கழற்றிவிடுங்கள்." அதற்கும், "வாங்கிட்டேன், நன்றி" என்று வந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு அவள் பதிவே போடவில்லை. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படியே நாலு வருஷம் ஓடியது. போன வருஷம், தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, அவள் இப்படி எழுதினாள்:

"இந்த வாரம் புத்தகம் இல்லை. பொருள், கைப்பேசி. புதுசு வாங்க வேண்டாம், கையில இருக்கிறதே போதும். அதுல கூப்பிடாத பழைய நம்பர் ஒண்ணு இருக்கும். அந்த நம்பர் இன்னும் மாறல. நான் இன்னும் பயன்படுத்திப் பார்க்கல, பயமா இருக்கு. யாராவது முதல்ல பயன்படுத்தினா நல்லா இருக்கும்."

அதை மூன்று தரம் படித்தேன். நான் யாரென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து, எப்படி, ஒன்றும் புரியவில்லை. முதலில் வெட்கம் வந்தது. அது வந்த வேகத்திலேயே கோபமாக மாறியது, எனக்கு எல்லாம் கடைசியில் கோபமாகத்தான் மாறும். ஊர் பார்க்கவா என்னைக் கூப்பிடுகிறாள்? கூப்பிடுவதென்றால் இவள் கூப்பிடட்டுமே, மூத்தவள்தானே? அதற்குள் கீழே நாலு பேர் அழுகிற பொம்மை போட்டுவிட்டார்கள். நான் நிர்வாகியாக எழுதினேன்:

"விதி இரண்டு: பயன்படுத்திப் பார்த்த பொருள் மட்டும். பதிவு நீக்கப்படுகிறது."

நீக்கியும் விட்டேன்.

"அக்கா பாவம் லா அட்மின்," என்று டார்ச் லைட் அங்கிள் எழுதினார். அதையும் நீக்கினேன். தீபாவளிக்கு முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு நேரிலேயே கிள்ளானுக்குப் போய்விடலாம், போனில் என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சத்தியமாகப் போவதாகத்தான் இருந்தேன். அவளுக்கு ஒரு புடவைகூட வாங்கி அலமாரியில் வைத்தேன். அடுத்த ஞாயிறு அவள் எதுவும் எழுதவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை, ஆபீசில் இருந்தேன். போன் அடித்தது. திரையில் 'அக்கா' என்று வந்தது. ஏழு வருஷத்தில் அந்த நம்பர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. ஃபைலை அப்படியே போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன். சந்தோஷத்தில் சிரிக்கிறேனா அழுகிறேனா தெரியவில்லை. அவள் ஹலோ சொல்வதற்கு முன்னால் நானே முந்திக்கொண்டேன்.

"அக்கா!"

"சின்னம்மா, நான் பேசுறேன்," என்றாள் அக்கா மகள். "அம்மா தவறிட்டாங்க."

காலையில் தேத்தண்ணி கலக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டதாம்.

ரயிலில்தான் போனேன். கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கும்போது நல்ல மழை. சிவப்பு நூல் கட்டிய குடை என் கையில்தான் இருந்தது. விரிக்கத் தோன்றவில்லை, நனைந்துகொண்டே போய் டாக்சி பிடித்தேன்.

மறுநாள் மதியம் எடுத்தார்கள். அரிசித் தட்டை வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர், "கூடப் பொறந்தவங்க வாங்க," என்று கூப்பிட்டார். அக்காவுக்குக் கூடப் பிறந்தது நான் ஒருத்திதான். நான் சுவரோரமாக நின்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அன்றைக்கு அம்மா சாவில் இருந்த அதே சித்தப்பா, அதே அத்தைமார்கள். அக்கா மகள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். "போடுங்க சின்னம்மா." அரிசியை எடுத்தேன், விரல் பிரிய மறுத்தது. உன் கைக்கு என்ன யோக்கியதை என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. யாராவது கேட்டுத் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எல்லாம் முடிந்து, குளித்து, வீடு காலியான பிறகு, அக்கா மகள் என்னை அக்காவின் அறைக்குக் கூட்டிப்போனாள். கட்டில் பக்கத்து அலமாரியில் நான் பரிந்துரைத்த நாவல்கள் அத்தனையும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு நூல் தொங்கியது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன், இருபத்தெட்டாம் பக்கத்தில் நூல். இன்னொன்றில் முப்பத்தொன்று. ஒன்றில்கூட நூல் நாற்பதைத் தாண்டவில்லை.

"ஒண்ணையும் முடிக்கல," என்றாள் மகள். அழுகையோடு சிரித்தாள். "'என் தங்கச்சிக்கு ஏன்தான் இந்தக் கிரகமோ, கொலையும் இல்ல ஒண்ணும் இல்ல'ன்னுவாங்க. ஆனா வாங்கிடுவாங்க."

"நான்தான்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"முட்டிப் பட்டை எழுதினீங்கல்ல, அன்னைக்கு. அம்மா முட்டி வலினுதான் போட்டிருந்தாங்க, எந்தக் கால்னு சொல்லவே இல்ல. நீங்க இடது கால்னு எழுதிட்டீங்க. அன்னைக்கு முழுக்க அழுதாங்க."

இடது கால். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அந்தப் பாடகியின் புதுக் கேசட்டை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு தண்டவாளத்தோரம் ஓடினேன். துரத்தி வந்தவள் ஜல்லியில் விழுந்தாள். இடது முட்டி கிழிந்து எலும்பு தெரிந்தது. வீட்டில், தானாக விழுந்தேன் என்றுதான் சொன்னாள். அந்தக் காலோடுதான் இரண்டு வருஷம் அம்மாவைத் தூக்கினாள்.

"அந்தக் கடைசிப் பதிவ நான் எடுத்துட்டேன்," என்றேன். "கோவிச்சுக்கிட்டாளா?"

"இல்ல சின்னம்மா. சந்தோஷப்பட்டாங்க. 'எடுத்துட்டான்னா படிச்சிட்டான்னு அர்த்தம். இனி கூப்பிடுவா, அவளுக்குக் கோவம் எறங்க ரெண்டு மூணு வாரம் ஆகும்'னாங்க."

மேசையில் அக்காவின் போன் கிடந்தது. அதன் உறையிலும் அந்த முடிச்சு. மகள் அதை எடுத்து விரலால் துடைத்தாள்.

"மூணு வாரமா கீழயே வைக்கல. குளிக்கப் போனாகூட என் கையில குடுத்துட்டுத்தான் போவாங்க. 'அடிச்சா உடனே எடு. அம்மா குளிக்கிறாங்க, இதோ வந்துட்டாங்கனு சொல்லு. எதையாச்சும் பேசிக்கிட்டே இரு, வச்சிட விட்டுடாத'ன்னு சொல்லிட்டுப் போவாங்க."