கோட்டுக்குள் மறைந்த சிவப்புப் பாவாடை

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவின் குளிர் அறையில் செயற்கைப் பனி கொட்டத் தொடங்கியது. வெளியே பாலக்காட்டு வெயில். கோவிந்தாபுரத்துக்காரியான நான், தேர்க்கூட்டத்துக்குக் கூட்டிப் போவதுபோல, எங்கிருந்தாலும் கண்ணில் படட்டும் என்று என் ஆறு வயது மகளுக்குச் சிவப்புப் பாவாடை உடுத்தியிருந்தேன். வாசலில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி, பாதம் வரை மூடும் நீலக் கோட்டும் தொப்பியும் மாட்டினார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பனிப்புகையில் அவள் கை நழுவியது. தடவிப் பிடித்த சிறு கையை இழுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்து தொப்பியைக் கழற்றினால், வேறொரு குழந்தை.

"நீங்க ஆருங்க? எங்கம்மா எங்கீங்க?" என்று அழுதாள்.

அவளைத் தனியே விட்டு உள்ளே ஓடவும் முடியவில்லை. மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். வெளியே வந்த ஒவ்வொரு நீலக் கோட்டையும் பிடித்து நிறுத்தி முகம் பார்த்தேன். எதிலும் அவள் இல்லை. உள்ளே விறைத்து விழுந்துவிட்டாளோ என்று பயந்து, அந்தக் குழந்தையையும் இழுத்துக்கொண்டு கதவருகே போனேன்.

கடைசியில் ஒரு பெண் என் மகளைத் தூக்கிக்கொண்டு கதவைத் தள்ளி வந்தாள். என் பக்கத்தில் நின்ற குழந்தையைக் கண்டதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எம்புள்ளைக்குப் பச்சைப் பாவாடை போட்டுட்டு வந்தனுங்க்கா. உள்ளார அதையத்தான் தேடிட்டு இருந்தனுங்க."