முழு மதிப்பெண் கொடுத்தவள்

குடியை விட்டவர்கள், விடத் தவிப்பவர்களுக்குத் துணையாகப் போகிற வேலை என்னுடையது. மறுவாழ்வு மையத்தில் கோச் என்பார்கள். புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களுக்கு மோட்டார் சைக்கிளில் போய்வருவேன். நானும் ஒரு காலத்தில் மூக்கு முட்டக் குடித்தவள்தான். அதனால் என்னிடம் யாரும் கதை அளக்க முடியாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

போன வருடம் மையத்திலிருந்து ஒரு கேள்வித்தாள் வந்தது. கோச்சுக்கும் அவர் பார்த்துக்கொள்கிற ஆளுக்கும் உறவு எப்படி இருக்கிறது என்று அளக்கப் போகிறார்களாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண். அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தவள், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். அவளுடைய சின்ன மகள் டவுனில், இவளுடைய அண்ணி வீட்டில் வளர்ந்தாள். குடியை விட்டால்தான் பிள்ளையை அனுப்புவேன் என்று அண்ணி கறாராகச் சொல்லிவிட்டாள். இவளுக்கு உலகத்தில் வேண்டியதும் அது ஒன்றுதான்.

தாள் மலாயில் இருந்ததால் நானே தமிழில் சொல்லிக் கேட்டேன். நீ சொல்வதை நான் காது கொடுத்துக் கேட்கிறேனா? அஞ்சு. உன் முடிவை மதிக்கிறேனா? அஞ்சு. கேள்வி முடிவதற்குள் அஞ்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லயத்து வீட்டுக் கூரை ஒழுகினாலும், தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி வந்து கேட்டால் எல்லாம் நல்லா இருக்குங்க என்று சொல்லியே வளர்ந்த கூட்டம் நாங்கள். எதிரே உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பவளுக்கு யார் குறைத்துப் போடுவார்கள்?

இப்படி அளப்பது வெட்டி வேலை என்று மையத்தில் நேராகவே சொன்னேன். அதிகாரி முகம் சுளித்தார். சுளிக்கட்டுமே. என் ஆளிடம் வேறு கோச் கேட்கட்டும், அவர் ஆளிடம் நான் கேட்கிறேன் என்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். செரண்டாவிலிருந்து ஒரு கோச் வந்தார். முன்பு லோரி ஓட்டியவர், பொறுமைசாலி. நான் வெளியே நின்றேன். பேசி முடித்ததும், அவளிடம் சம்மதம் கேட்டுக்கொண்டுதான் தாளை என்னிடம் காட்டினார்.

எல்லாம் நாலும் அஞ்சும்தான். ஒரு கேள்விக்கு மட்டும் ஒன்று. நீங்கள் சொல்வது கோச்சோடு நிற்கும் என்று நம்புகிறீர்களா?

மழை வெயில் பாராமல் அலைந்ததற்கு இதுதானா என்று உள்ளே போய்க் கேட்டே விட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை சர்ச்ல அண்ணியும் நீங்களும் பக்கத்துல உக்காந்து பேசுறீங்க அக்கா. குடிச்சேன்னு உங்ககிட்ட சொன்னா, எம்புள்ள எனக்கு இல்லாமப் போயிரும் லா.”

நான் ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. ஆனால் அவளுக்கு அது எப்படித் தெரியும்? அவ எப்படி இருக்கா என்று அண்ணி வாராவாரம் கேட்பாள், பரவாயில்லை என்பேன். என்றைக்காவது நான் பரவாயில்லை என்று சொல்லாவிட்டால் அண்ணிக்குப் புரிந்துவிடாதா? அவள் பயந்ததில் நியாயம் இருந்தது.

அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில் அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே அண்ணியிடம் சொன்னேன், இனி அவளைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம், நல்லதும் சொல்ல மாட்டேன், கெட்டதும் சொல்ல மாட்டேன், அவளிடமே கேளுங்கள் என்று. அண்ணிக்கு முகம் சுண்டிப்போனது. அதற்குப் பிறகு என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். போனால் போகிறது.

சில வாரம் கழித்து ஒரு காலையில் அவளிடமிருந்து போன். முந்தின நாள் குடித்துவிட்டாளாம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். குடித்ததற்கு இல்லை, சொன்னதற்கு. மோட்டாரை முறுக்கிக்கொண்டு போனேன். திட்டவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்து, இப்போது என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் கேட்டேன். கஞ்சியைக் குடித்து முடித்தவள், போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு அண்ணிக்கு அடித்தாள். நான் வெளியே போக எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“அண்ணி, நேத்து குடிச்சிட்டேன். வேற யாரும் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்றேன்.”

அண்ணி, பிள்ளையை இப்போதைக்கு அனுப்ப முடியாது என்றாள். அது எங்கள் இருவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அண்ணி போனை வைக்கவில்லை. பிறகு சொன்னாள்.

“இரு, ஒம்மக பேசணுமாம்.”