பின் சிலிண்டர்

தென்னூரில் எங்கள் சந்துக்குள் எதிரெதிரே இரண்டு பைக் வந்தாலே ஒன்று பின்வாங்கியாக வேண்டும். அந்தச் சந்தில், எங்கள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு, பழைய லாரி டயர்கள் மேல் ஒரு வாட்டர் ஸ்கூட்டர் உட்கார்ந்திருந்தது. ஆற்றில் ஓட வேண்டிய சனியன். போகிறவர் வருகிறவர் எல்லோரும் என்னைத்தான் முறைப்பார்கள், வாங்கி வந்தவரை ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

வாங்கி வந்தவர் என் கணவர். கல்ஃபில் ஒரு கடற்கரையில் இந்த மாதிரி வண்டிகளை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், இனிமேல் போகமாட்டேன் என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். முசிறியில் நண்பர் ஒருவருக்கு ஆற்றங்கரையில் வாழைத்தோட்டம் இருக்கிறது. அங்கே இதை நிறுத்தி, ஆட்களை ஏற்றி ஓட்டுவதாகத் திட்டம். வண்டியோ கிளம்பும், இரண்டு இருமல் இருமும், நின்றுவிடும். இதற்குள் பழைய முதலாளி போன் மேல் போன். வருவதா இல்லையா, இன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் சொல்லியாக வேண்டும். வண்டி தேறினால் இவர் இங்கே, தேறாவிட்டால் ஃப்ளைட். என் குடும்பம் நடப்பதும் நடக்காததும் ஒரு இஞ்சினைப் பொறுத்தது என்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

"கம்ப்ரஷன் பார்த்தா தெரிஞ்சிடும்" என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெக்கானிக்கிடம் அழுத்தம் அளக்கிற கேஜை இரவல் வாங்கி வந்தார். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜைத் திருக வேண்டும். ஆக்ஸிலேட்டரை முழுசாகப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை அமுக்கினால், உள்ளே காற்று எவ்வளவு இறுகுகிறது என்று முள் காட்டும். இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே நம்பர் காட்டினால் இஞ்சின் நல்லது. ஹேண்டில்பாரில் அவர். சீட்டைத் தூக்கிவிட்டுத் தலையை உள்ளே விட்டு நம்பர் சொல்ல நான்.

முன் சிலிண்டர் நூற்று முப்பது. பின் சிலிண்டர் தொண்ணூறு.

"சரியாப் பாரு."

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. தொண்ணூறு!"

நான் கேஜை இறுக்கமாகத் திருகவில்லையாம். கை சிவக்கத் திருகினேன். அதே தொண்ணூறு. பேட்டரி இறங்கியிருக்குமாம். பக்கத்து வீட்டு ஆட்டோவிலிருந்து பேட்டரியைக் கெஞ்சி வாங்கி மாட்டினோம். இரண்டும் துளி ஏறின, நடுவில் உள்ள வித்தியாசம் மட்டும் அசையவில்லை. எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது. இந்த லட்சணத்தில் அவருடைய அண்ணன் வேறு படியில் நின்றுகொண்டு, "டிராவல்ஸ்ல டிக்கெட் போடச் சொல்லிடவாடா? சொல்லிடவா?" என்று நச்சரித்தார். பெரியவராயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கடைசியில் என் கணவர் ஒரு ஸ்பூன் ஆயிலை எடுத்துப் பின் சிலிண்டருக்குள் விட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. "இப்பப் பாரு."

முள் தொண்ணூறைத் தாண்டியது. நூறு, நூற்றுப் பத்து.

"நூத்தி இருபத்தஞ்சு! அல்ஹம்துலில்லாஹ்!" சந்தே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

அண்ணன் முகம்கூட மலர்ந்துவிட்டது. "அப்ப வரலைன்னே சொல்லிடுறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடித் தெருமுனைக்கு நடந்தார்.

என் கணவர் சிரிக்கவில்லை. ஹேண்டில்பாரை விட்டுவிட்டு டயர் மேல் உட்கார்ந்தார்.

"என்னங்க, ஏறிடுச்சுல்ல?"

"ஏறக் கூடாதும்மா" என்றார். "பிஸ்டன் ரிங் தேஞ்சு காத்து கசியுது. ஆயில் போய் அந்த இடுக்கை அடைச்சதாலதான் ஏறுச்சு. ஆயில் எரிஞ்சதும் பழையபடி தொண்ணூறுதான். ஏறாம இருந்திருந்தா மேல கேஸ்கெட்டா இருக்கும், நானே மாத்திடுவேன். இதுக்குச் சாமான் வெளியேருந்து வரணும். அதுக்குள்ள மேட்டூர்ல தண்ணியை மூடிடுவான்."

ஏறினால் கெட்டது, ஏறாவிட்டால் நல்லது, இது என்ன கண்றாவிக் கணக்கு!

"உங்க அண்ணன்கிட்ட சொல்லாதீங்க" என்றேன் மெதுவாக. "ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

"நடு ஆத்துல நின்னா? பின்னாடி யாரோ பெத்த பிள்ளை உட்கார்ந்திருக்கும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து தெருமுனையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அண்ணே! டிக்கெட் போடச் சொல்லிடுங்க!"

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நம்பரைப் பார்த்துச் சொன்னதே நீதானேம்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது நான் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன்.