அறுபதை நூறாகப் படித்தவன்

மசூதைச் சவூதியின் தம்மாமிலிருந்து மூன்றே நாளில் விமானம் ஏற்றிவிட்டார்கள். விசா புதுப்பிக்க எடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. கடையநல்லூர் வீட்டில் கால் வைத்தவன், கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள் என்று சொன்னான். மனைவி சாஜிதா நம்பினாள். பதினொரு வருஷம் ஏ.சி. மெஷின்களோடு மல்லுக்கட்டிய மனுஷன் கொஞ்ச நாள் வீட்டுச் சோறு தின்னட்டுமே என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

அந்த ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை அவன் நம்பவில்லை. பஹ்ரைனுக்குப் போய் ஒருத்தியோடு இருந்துவந்த அந்த ஒரு வெள்ளிக்கிழமை மறந்துவிடவில்லை. ஆனாலும் சுன்னத் செய்தவனை இந்த நோய் அண்டாது என்று அவன் ரூமில் எட்டுப் பேரும் சத்தியமாக நம்பினார்கள். ஒருவன் போனில் கட்டுரையே காட்டியிருந்தான். ஆப்பிரிக்காவில் ஆராய்ச்சி செய்ததில் ஆண்களுக்கு ஆபத்து அறுபது சதவீதம் குறைகிறது என்று அதில் இருந்தது. எட்டுப் பேரும் அதை நூறு என்றே படித்துக்கொண்டார்கள். தமக்குத் தோதானதை மட்டும் படிக்கிற கண் எல்லோருக்கும் உண்டுதான். அதற்காகப் பெண்டாட்டி உயிரையா பணயம் வைப்பது? ரத்தம் பார்த்த மெஷின்தான் தப்பு என்று முடிவுகட்டி, மடையன், அவளோடு வழக்கம்போலவே குடும்பம் நடத்தினான்.

ஏழாவது வாரம் சாஜிதா வெட்கத்தோடு வந்து, "மச்சான், நாள் தள்ளிப் போயிருக்கு" என்றாள். அந்தக் காகிதம் நிஜமாக இருந்தால் என்னாவது என்று அப்போதுதான் நினைத்தான்.

மறுநாளே யாருக்கும் தெரியாமல் தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தான். முடிவு மாறவில்லை. ஆலோசகர் கோமதியம்மாளிடம் சுன்னத்தைச் சொல்லி வாதாடியும் பார்த்தான்.

"அதுனால ஆம்பளைக்கு வார ஆபத்து கொறையும் தம்பி, வராமலே போவாது. ஒங்களுக்கு வந்த பொறவு ஒங்க வீட்டுக்காரிய அது காப்பாத்தாது. அவங்களுக்கு இருந்தாலும் இப்பமே மாத்திரை ஆரம்பிச்சா பிள்ளையக் காப்பாத்திரலாம். நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருக்கிறது, குளிக்கப் போவோம் என்று கூப்பிட்டான். துண்டு, மாற்றுத்துணி, புளிச்சோறு எல்லாம் எடுத்துக்கொண்டு அவள் ஆசையாகப் பஸ் ஏறினாள். தென்காசியில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினான்.

"ஏன் மச்சான், இங்கன எறங்குதோம்?"

ஒரு வேப்பமரத்தடியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னான். பஹ்ரைன், காகிதம், ரூமில் பேசிக்கொண்டது, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அழுதான். அவள் அழவில்லை.

"ஊருக்கு வந்த அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆனா நமக்கெல்லாம் வராதுன்னு நெனச்சேன், சாஜி."

"வராதுன்னா பொறவு எதுக்கு எங்கிட்ட மறைச்சீங்க?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். பின்னாலேயே ஓடியவன் அறை வாசலை எட்டியபோது, கோமதியம்மாள் அவள் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டு, வீட்டுக்காரர் கூட வந்திருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வந்திருக்காங்க" என்றாள் சாஜிதா. "வெளியவே நிக்கட்டும்."