டீலியாவின் இடது காது

தலையணை உறையைக் கழற்றும்போதெல்லாம் லோர்னா பெல்கி அதை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோவாள். கழற்றுவதும் முகர்வதும் கூடையில் போடுவதும் ஒரே அசைவாக நடந்து முடிந்துவிடும். உற்றுப் பார்க்காதவர்களுக்குத் தெரியாது. அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துச் சலவை அறையிலும் கைப்பழக்கத்தில் யாரோ ஒரு கிழவருடைய உறையை முகர்ந்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று கூச்சத்தோடு திரும்பிப் பார்ப்பாள். கணவன் டுவைன் மட்டும் அதைக் கேலி செய்வான்.

"என்னடி மோப்பம் பிடிக்கிற? செத்துப்போன நம்ம நாய்க்குப் பதிலா நீ வேலைக்குச் சேந்துட்டியா?"

மகள் டீலியாவின் காதில் சீழ் கட்டினால் அதை முதலில் சொல்வது அந்த உறைதான். டீலியா சொல்ல மாட்டாள். அவளுக்கு ஆட்டிசம், பேச்சு வரவில்லை. மற்றப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுவார்களே, அதுவும் அவளுக்கு வராது. வலி அதிகமானால் சிரிப்பாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரிப்பாள். கடைக்குக் கூட்டிப்போனால், "பாப்பா இன்னைக்கு ரொம்பக் குஷியா இருக்கே" என்பார்கள். லோர்னா தலையாட்டிவிட்டு வண்டிக்குத் திரும்புவாள்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் வடக்கே, காகித ஆலை மூடிப்போன ஊர் அது. ஊர் மருத்துவமனையில் இருந்தவர் ஒரே டாக்டர், நல்ல மனிதர்தான். ஆனால் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்க டீலியா விட வேண்டுமே. கால்களை டுவைன் பிடிக்க, தலையை ஒரு நர்ஸ் பிடிக்க, கைகளை லோர்னா தன் மார்போடு சேர்த்து அழுத்திக்கொள்ள, டாக்டர் குனிவார். அந்த ஒரு நொடியில் தெரிவது அழுக்கு மட்டும்தான். பிறகு அந்தக் கட்டடத்தின் வண்டி நிறுத்துமிடம் கண்ணில் பட்டாலே டீலியா கூச்சலிடத் தொடங்கிவிட்டாள். அதனால் போவது குறைந்தது. போனில் கேட்டு மருந்து வாங்கிக்கொள்வது பழக்கமாயிற்று.

மருந்து ரோஸ் நிறத்தில், மிட்டாய் வாசனையோடு இருக்கும். டீலியா துப்பிவிடுவாள். அவள் சாப்பிடுவதே கொஞ்சம்: எதுவும் சேர்க்காத நூடுல்ஸ், ஒரு குறிப்பிட்ட பெட்டியில் வரும் உப்பு பிஸ்கட், மசித்த ஆப்பிள், சாக்லேட் புட்டிங், பெட்ரோல் பங்கு அருகில் உள்ள கடையின் உருளைக்கிழங்கு வறுவல். டுவைன் மருந்தைப் புட்டிங்கில் கலந்தான். டீலியா ஒரு வாய் வைத்தாள். கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு புட்டிங்கைத் தொடவே இல்லை. அடுத்த முறை ஆப்பிளில் கலந்தார்கள். ஆப்பிளும் போயிற்று.

"காதுக்கு மருந்து குடுக்கிறோம்னு வயித்துல அடிக்கிறோம்," என்றான் டுவைன்.

அவன் தங்கை மோனா கையில் காபியோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "என் புள்ளையா இருந்தா மூக்கப் பிடிச்சு ஊத்திருப்பேன்."

"உன் புள்ள பதினாறு வயசுல வீட்ட விட்டுப் போயிட்டான் மோனா," என்றான் டுவைன். "வாய மூடிக்கிட்டு காபியக் குடி."

கடைசியில் டாக்டர்கள் டீலியாவின் செவிப்பறையில் ஓட்டை போட்டு, நீர் வடிய ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள். மயக்க மருந்து முகமூடியைப் பார்த்து டீலியா போட்ட சத்தத்தில் அடுத்த அறைக் குழந்தையும் அழுதது. சில மாதங்களில் குழாய் தானாக விழுந்துவிட்டது. மறுபடி வைத்தார்கள். அதுவும் விழுந்தது. வளர வளரச் சரியாகிவிடும் என்றார்கள்.

டீலியாவுக்கு ஒன்பது வயது நடக்கும்போது தலையில் அடித்துக்கொள்ளத் தொடங்கினாள். உள்ளங்கையின் அடிப்பகுதியால், கதவைத் தட்டுவது போல, ஓங்கி ஓங்கி. பள்ளிக்கூடம் கிர்ஸ்டன் என்ற பெண்ணை வீட்டுக்கு அனுப்பியது. பிள்ளைகளின் நடத்தையைச் சீர்செய்யப் படித்தவள். சின்ன வயது, மெல்லிய குரல். வந்ததும் காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் டீலியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அதிலேயே லோர்னாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

"அவ அடிச்சுக்கும்போது நீங்க என்ன பண்றீங்க லோர்னா?"

"ஓடிப் போய்க் கையப் பிடிச்சுக்குவேன்."

"அதுதாங்க விஷயம். அடிச்சா அம்மா ஓடி வருவாங்கன்னு அவ கத்துக்கிட்டா. இனிமே பாக்காதீங்க, தொடாதீங்க. முகத்தத் திருப்பிக்கிட்டு வேற வேலையப் பாருங்க. மொதல்ல கூடும். அப்புறம் தானா நின்னுடும்."

"காதுல ஏதாவது..." என்று லோர்னா இழுத்தாள்.

"டாக்டர் பாத்தாச்சுன்னு சொன்னீங்களே?"

டாக்டர் பார்த்திருந்தார். தெரிந்தவரை ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார். லோர்னா பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். கையில் கோப்போடு வருபவர்கள் முன் அவளுக்கு இரண்டாவது கேள்வி வாயில் வருவதில்லை. சரி என்று தலையாட்டினாள்.

சொன்னதை அப்படியே செய்தாள். எதையும் பார்த்துக்கொண்டே இருக்கும் பெண்ணுக்குப் பார்க்காதது போல இருக்கவும் தெரியும். முதுகைக் காட்டி நின்று துண்டுகளை மடிப்பாள். பின்னால் சத்தம் கேட்கும். சமையலறை ஜன்னல் கண்ணாடியில் மகளின் நிழல் தெரியும். அடி எல்லாம் இடது பக்கம்தான் விழுந்தது, காதுக்குப் பின்னால். பிஸ்கட்டை டீலியா கடிக்காமல் வாயில் ஊறவைத்து விழுங்கினாள். லோர்னா இதையெல்லாம் கண்ணாடியில் பார்த்தாள். துண்டை மடித்தாள்.

டுவைனால் முடியவில்லை. சத்தம் தொடங்கினால் மரம் ஏற்றும் தன் லாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். ஒரு நாள் திரும்பி வந்து கதவருகே நின்றான்.

"எப்படிடி உன்னால துணி மடிக்க முடியுது? நீ என்ன கல்லா?"

"பாக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க."

"சொல்லிருக்காங்க, சொல்லிருக்காங்க. அவங்க சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுறாங்க."

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அடி நின்றது. காலையிலிருந்து ஒரு தடவைகூட இல்லை. டீலியா தரையில் படுத்து, எப்போதும் கையில் வைத்திருக்கும் நூலைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். கிர்ஸ்டன் அடிகளை எண்ணக் கையில் ஒரு சின்னக் கருவி வைத்திருப்பாள். அது அன்று ஒரு முறையும் சத்தம் போடவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது முழுக்க உங்களால தான் லோர்னா. நான் பாத்த அம்மாக்கள்ல யாரும் இவ்வளவு உறுதியா நின்னதில்ல."

அதுவரை படித்தவர்கள் யாரும் லோர்னாவை அப்படிப் புகழ்ந்ததே இல்லை. அவள் முகம் சிவந்துபோயிற்று. மாலை மோனா கேக்கோடு வந்தாள். "கண்டுக்காம விட்டா அடங்கும்னு நான் அப்பவே சொன்னேன். எனக்கு யாரு சம்பளம் குடுக்கிறா?"

அன்று காலை உறையில் வாசனை இருந்தது. மஞ்சளாக, ஓரத்தில் கொஞ்சம் ரத்தத்தோடு ஒரு கறையும் இருந்தது. லோர்னா அதை டுவைனிடம் காட்டியிருந்தாள். அவன் அதைப் பார்த்தான். உள்ளறையில் டீலியா அமைதியாக இருந்ததையும் பார்த்தான்.

"வடிஞ்சா நல்லதுதானே. திங்கக்கிழமை டாக்டருக்குப் போன் பண்ணலாம். ரெண்டு நாளாவது இந்த வீடு நிம்மதியா இருக்கட்டும்."

லோர்னாவுக்கும் அந்த இரண்டு நாள் வேண்டியிருந்தது. செவிப்பறை கிழிந்து, உள்ளே முட்டிக்கொண்டிருந்தது வெளியே வந்ததால்தான் வலி குறைந்து அடியும் நின்றது என்பது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், கேக் வெட்டிய பிறகு யார் சொல்வது?

திங்களன்று காதில் விடும் சொட்டு மருந்து கிடைத்தது. அதில் பாதி டீலியாவின் தலைமுடியில் போயிற்று. வாய்வழி மருந்தை ஒளித்து வைக்க உணவு மிச்சமில்லை. நூடுல்ஸையும் இழந்துவிட்டால் பிள்ளை எதைத் தின்று உயிர் வாழும் என்ற பயத்தில் அதில் கலக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் தலை வாரிவிடும்போது லோர்னா பார்த்தாள். இடது காது முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. பின்புறம் எலும்பு மேல் தோல் சிவந்து, மாவு போல அமுங்கியது. சீப்பைக் கீழே போட்டாள்.

பெரிய மருத்துவமனை இருக்கும் பேங்கர் நகரத்துக்கு வண்டியை எடுத்தார்கள். சாலையில் பனி இறுகிக் கிடந்தது. டீலியா பின் இருக்கையில் உட்கார்ந்து வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

டுவைன் கண்ணாடியில் பார்த்தான். "சிரிக்கத்தானே செய்றா. அவ்வளவு மோசமா இருக்காது."

"அவ சிரிக்கிறா டுவைன்," என்றாள் லோர்னா. "வேகமாப் போ."

காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு வரை சீழ் அரித்திருந்தது. உள்ளே ஒலியைக் கடத்தும் சின்ன எலும்புகள் கரைந்துபோயிருந்தன. அறுவை சிகிச்சை முடிந்து வெளியே வந்த டாக்டர், தலைத் துணியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"கொஞ்ச நாளாவே தாங்க முடியாத வலி இருந்திருக்கணும். ஏதாவது காட்டினாளா?"

டுவைன் தரையைப் பார்த்தான். லோர்னாதான் பதில் சொன்னாள்.

"காட்டினா. நாங்க கண்டுக்கல. கண்டுக்க வேணாம்னு சொன்னாங்க."



விஷயம் தெரிந்து கிர்ஸ்டன் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் நின்று விம்மி விம்மி அழுதாள். லோர்னா அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து, "நீங்க வேணும்னு செய்யலையே" என்றாள். கோபம் வந்தது பிறகுதான், சலவை அறையில், ஈரப் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தபோது. யார் மேல் என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம். அன்று அவள் பிழிந்த போர்வை ஒன்று நடுவில் கிழிந்தது. கிர்ஸ்டன் அந்த வருடமே வேலையை விட்டுவிட்டு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டாள் என்று கேள்வி.

இப்போது டீலியாவுக்குப் பதினேழு வயது. தாயைவிட உயரம். இடது காது கேட்காது. கேட்கும் கருவியை மாட்டினால் பிடுங்கி எறிந்துவிடுகிறாள். மூன்றாவதை வாங்கித்தர காப்பீட்டுக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். மரம் ஏற்றி ஏற்றி டுவைனுக்கு முதுகு போய்விட்டது. அவளைப் பிடித்துக்கொள்ள அவனால் முடிவதில்லை. அதனால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் பேங்கரில் மயக்க மருந்து கொடுத்துத்தான் பார்க்கிறார்கள். வலது காதிலும் போன குளிர்காலத்தில் இரண்டு தடவை சீழ் வந்தது. மார்ச்சில் பார்த்தபோது அந்தக் காது இன்னும் கேட்கிறது என்றார்கள். அடுத்து அக்டோபரில் பார்க்க வேண்டும்.